ஸ்கீ பூட்ஸ்: லண்டனில் பொருத்திக்கொள்வதா, மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகா?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் லண்டனில் வசிக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு வாரம் பிரெஞ்சு ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்கப் போகிறீர்கள். மூன்று ஆண்டுகளாக வாடகை பூட்ஸில் கணுக்காலும் சுண்டுவிரல் ஓரமும் நொந்துபோய், இந்த முறை சொந்தமாக ஒன்று வாங்கி, தேர்ந்த ஒருவரிடம் காலுக்கேற்பப் பொருத்திக்கொள்ள நினைக்கிறீர்கள். அதை லண்டன் கடையில் செய்வதா, அங்குள்ள வால் டோரன்ஸ் என்னும் சறுக்கு ஊரில் இறங்கியதும் அங்குள்ள கடையில் செய்வதா, இணையத்தில் தள்ளுபடி விலைக்கு வாங்கி யாரிடமாவது கூலி கொடுத்துச் சரிசெய்துகொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எதிர்பார்ப்பது ஒரு கடையின் பெயரை என்றாலும், இவ்வளவு பணம் கொடுத்த பிறகும் கால் வலித்தால் என்ன செய்வது என்ற கவலைதான் கேள்விக்கு அடியில் இருக்கிறது என்று எண்ணுகிறேன். அந்தக் கவலைக்கே பதில் எழுதுகிறேன். எந்தக் கடை என்பது அதிலிருந்து தானாகவே தெரிந்துவிடும்.

நான் பாதநலம் படித்தவன். வாரநாள்களில் கிளினிக்கிலும், பன்னிரண்டு குளிர்காலங்களின் சனிக்கிழமைகளில் லண்டன் கடையொன்றின் பூட்ஸ் மேசையிலும் வேலை பார்த்தேன். இடையில் இரண்டு பருவங்கள் பிரான்சில் ஒரு மலைக்கிராமக் கடையிலும் இருந்தேன். ஆகவே இரண்டு பக்கத்துச் சங்கடங்களும் எனக்குத் தெரியும். இப்போது எந்தக் கடையோடும் எனக்குத் தொடர்பில்லை. உங்கள் காலை நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த நிறுவனத்தின் எந்த மாடல் உங்களுக்கு ஒத்துவரும் என்று எழுத்தின் வழியாகச் சொல்பவர் எவராக இருந்தாலும் அவர் ஊகிக்கிறார் என்றே கொள்ளுங்கள். அதனால் மாடல் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை.

நம் ஊரில் புதுத் தோல்செருப்பு கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவி நாலு நாள் போட்டு நடப்போம். தோல் இளகி, செருப்பு காலின் வடிவத்துக்கு வந்துவிடும். பனிச்சறுக்கு பூட்ஸும் ஒரு காலத்தில் தோலால் ஆனவைதான். 1960களில் அமெரிக்கரான பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. பிளாஸ்டிக் ஓடு காலின் சிறு அசைவையும் பனிச்சறுக்குப் பலகைக்கு அப்படியே கடத்துகிறது. ஆனால் அது காலுக்காக இளகிக் கொடுப்பதில்லை. உள்ளே இருக்கும் மெத்தையான உள்ளுறை மட்டும் இளகும். அந்தப் பிளாஸ்டிக் ஓட்டை ஒருவர் சூடாக்கி வெளிப்புறமாகத் தள்ளினாலோ உட்புறத்தைச் சுரண்டினாலோதான் அதன் வடிவம் மாறும். பூட்ஸ் பொருத்துதல் என்று ஒரு தொழில் இருப்பதற்கே காரணம் இதுதான். வாடகை பூட்ஸ் வலிப்பதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது: அவற்றின் உள்ளுறை பல பேர் காலில் நசுங்கித் தொய்ந்திருக்கும், கடைக்காரரும் புகார் வராமலிருக்கப் பெரும்பாலும் ஓர் அளவு பெரியதையே கொடுப்பார். பெரிய பூட்ஸுக்குள் கால் முன்னும் பின்னும் ஓடும், அதை நிறுத்த நீங்கள் பக்கிள்களை இறுக்குவீர்கள், இறுக்கிய இடத்தில் வலிக்கும். கணுக்கால் வலி என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அணிந்திருந்தது பெரிய பூட்ஸைத்தான். சின்ன பூட்ஸால் வலி வந்தவர்கள் குறைவு.

நல்ல பொருத்துநரை அடையாளம் காண்பது எப்படி என்பதில் சற்று நேரம் செலவிடுகிறேன், ஏனெனில் ஊரைவிட ஆள்தான் முக்கியம். அவர் சுவரிலிருந்து பூட்ஸை எடுப்பதற்கு முன்னால் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்: எத்தனை வாரம் சறுக்கியிருக்கிறீர்கள், எந்த வேகத்தில், எங்கே வலித்தது, முழங்காலிலோ பாதத்திலோ பழைய காயம் உண்டா என்று கேட்பார். பிறகு சாக்ஸைக் கழற்றச் சொல்லி, உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளப்பார். நிற்கும்போது உடலின் எடை இறங்குவதால் சிலருடைய பாதம் கணிசமாக நீளும், பாத வளைவு கீழே இறங்கும். நீளத்தோடு முன்பாத அகலம், பாதத்தின் மேல்மேட்டின் உயரம், கெண்டைக்காலின் பருமன் ஆகியவற்றையும் பார்ப்பார். முழங்காலை மடக்கிக் கணுக்கால் எவ்வளவு முன்னே வளைகிறது என்று சோதிப்பார். கணுக்கால் இறுக்கமாக இருப்பவருக்குக் குதிகாலின் அடியில் சிறு ஆப்பு வைத்து உயர்த்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பூட்ஸிலும் அவர் பின்னுக்குச் சாய்ந்தே நிற்பார்.

அதன் பிறகு ஓட்டுச் சோதனை. உள்ளுறையை உருவி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் உங்கள் காலை விடச் சொல்லி, விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடும்வரை தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். வாரவிடுமுறைச் சறுக்கலுக்கு 15 முதல் 20 மி.மீ. வரை இடைவெளி சரி, போட்டிச் சறுக்காளர்கள் இதில் பாதியோடு இருந்துவிடுவார்கள், 30 மி.மீ. இருந்தால் அந்த ஓடு உங்களுக்குப் பெரியது, யார் என்ன சொன்னாலும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பூட்ஸை மாட்டிவிட்டு "எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்கும் இடத்திலிருந்து, மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. மாண்டோபாயின்ட் எனும் முறையில் பூட்ஸின் அளவு என்பது பாதத்தின் நீளமே, 265 மி.மீ. நீளப் பாதத்துக்கு 26.5. ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் ஓட்டை முழு அளவுகளில்தான் வார்க்கின்றன, 26.0, 26.5 இரண்டுக்கும் ஓடு ஒன்றே, உள்ளுறையிலோ, பாதத்தின் அடியில் வைக்கும் இன்சோலிலோதான் வேறுபாடு. ஆகவே "அரை அளவு கூட்டித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களுக்கு வேறு ஓட்டைத் தருகிறாரா, அதே ஓட்டைத்தான் தருகிறாரா என்று கேட்கலாம். சரியான பூட்ஸை முதலில் மாட்டும்போது, நேராக நின்றால் கட்டைவிரல் முன்பக்கத்தைத் தொடும்; முழங்காலை முன்னே மடக்கினால் குதிகால் பின்னுக்கு அமர்ந்து விரல் விடுபடும். இதை அறியாதவர்கள் "சின்னது" என்று சொல்லிக் கழற்றிவிடுகிறார்கள். உண்மையில் கடையில் இதமாக இருக்கும் பூட்ஸ்தான் எனக்குச் சந்தேகம் தரும், ஏனென்றால் சில நாள் சறுக்கலிலேயே உள்ளுறை அமுங்கி உள்ளே இடம் கூடிவிடும்.

உங்கள் சுண்டுவிரல் ஓர வலி பற்றி ஒரு சொல். சிறுவயதில் வெறுங்காலுடனும் ரப்பர் செருப்புடனும் வளர்ந்த நம்மவர் பலரிடம் முன்பாதம் விரிந்தும் குதிகால் ஒப்பளவில் ஒடுங்கியும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இது என் மேசையில் கண்டது மட்டுமல்ல. வாழ்நாளெல்லாம் வெறுங்காலுடன் நடக்கும் தென்னிந்தியர்களின் பாதங்களை அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வும் அவர்களுடைய முன்பாதம் அகன்றிருப்பதைக் காட்டியது. நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது, லண்டனிலேயே பிறந்தவராகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் பாதம் அந்த வகையாக இருந்தால், அகலத்துக்காக நீளத்தைக் கூட்டிவிடும் பிழைக்கு நீங்கள் எளிதில் ஆளாவீர்கள். அகலத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, ஓட்டின் உள்வடிவமான அச்சை வைத்து அதைச் சொல்வார்கள்: குறுகிய அச்சு 97, 98 மி.மீ., நடுத்தரம் 100, அகலமானது 102 முதல் 104 வரை; இவை 26.5 அளவில் முன்பாதத்தில் எடுக்கும் அளவுகள். முன்பாதம் மட்டும் அகலமாக உள்ளவருக்கு 104 அச்சும் தவறாகப் போகலாம், ஏனென்றால் அதில் குதிகாலும் தளர்ந்துவிடும். குதிகாலைப் பிடிக்கும் நடுத்தர ஓட்டை எடுத்து, சுண்டுவிரல் ஓரத்தில் மட்டும் சூடாக்கித் தள்ளுவதையே நான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பேன். குறுகிய ஓட்டை ஓரிடத்தில் அகலப்படுத்த முடியும். அகன்ற ஓட்டை ஒடுக்க முடியாது.

இப்போது ஊர்க் கணக்குக்கு வருவோம். பொருத்துதல் ஒரே அமர்வில் முடிகிற வேலை இல்லை என்பதுதான் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் முதலாவது. தொடக்க காலத்தில் நான் செய்த பிழை ஒன்று இதைக் கற்றுக்கொடுத்தது: ஒருவர் கணுக்கால் எலும்பு உரசுகிறது என்று கடையிலேயே சொன்னதும், அந்த இடத்தில் ஓட்டை நன்றாக வெளியே தள்ளிக் கொடுத்துவிட்டேன். நான்கு நாள் சறுக்கியதில் உள்ளுறை தானாகவே அமுங்கி, நான் தள்ளிய பள்ளமும் சேர்ந்துகொள்ள, அவருடைய குதிகால் ஆடத் தொடங்கிவிட்டது. தள்ளியதை ஓரளவு திரும்ப அமுக்கலாம். சுரண்டி எடுத்த பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்ட முடியாது. அன்றிலிருந்து முதல் நாளில் மிகக் குறைவாகவே கை வைத்தேன்: இன்சோல், உள்ளுறையைச் சூடாக்கிப் பதப்படுத்துதல், வெளிப்படையாகத் துருத்தும் எலும்புக்கு மட்டும் சிறு இடம். மீதி வேலையைப் பனியில் இரண்டு நாள் சறுக்கிவிட்டு வந்தபின்தான் செய்ய வேண்டும். எனவே எங்கே வாங்குவது என்ற கேள்வி, சறுக்கிய பிறகு எந்தக் கடைக்குத் திரும்பிப் போவது உங்களுக்கு எளிது என்பதில் வந்து நிற்கிறது.

இந்த அளவுகோலில் மலைக்கடைக்கு இயல்பாகவே ஒரு மேன்மை உண்டு. காலையில் சறுக்கி, மாலையில் வலித்த இடத்தில் பேனாவால் குறியிட்டுக்கொண்டு வந்து நிற்கலாம், மறுநாளும் வரலாம். அங்குள்ள பொருத்துநர் ஒரு பருவத்தில் பார்க்கும் கால்களின் எண்ணிக்கையும் அதிகம். ஆனால் உங்களிடம் இருப்பதோ ஆறு நாள் சறுக்கல். ஞாயிறு, திங்கள் மாலைகளில் அந்தக் கடைகளில் நிற்கும் கூட்டத்தை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன்; முன்பதிவு இல்லாதவருக்கு இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். பிப்ரவரியில், அதுவும் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையில், வழக்கமான அளவுகள் தீர்ந்துபோய், கையிருப்பில் உள்ளதை உங்கள் காலுக்கு ஒப்பேற்றும் சபலம் எந்தக் கடைக்கும் வரும். பொருத்தம் தவறியது என்று மார்ச்சில் தெரிந்தால் அந்தக் கடை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். விலையிலும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஆதாயம் இராது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனில் வசிப்பவர் பிரான்சில் ஒரு கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், அக்கடை வரியைத் திருப்பித் தரும் ஏற்பாட்டில் சேர்ந்திருந்தால், வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பது உண்மைதான். ஆனால் பிரிட்டனுக்குள் கொண்டுவரும் பொருளுக்கு வரியில்லா வரம்பு 390 பவுண்டு, ஒற்றைப் பொருள் அதைத் தாண்டினால் முழு மதிப்புக்கும் வரி கட்ட வேண்டும். நல்ல பூட்ஸும் இன்சோலும் சேர்ந்தால் அந்த வரம்பை எளிதில் தொட்டுவிடும். ஒவ்வோர் ஆண்டும் அதே ஊருக்குப் போகிறவர், அல்லது அங்கே இரண்டு மூன்று வாரம் தங்குகிறவர் என்றால் தயங்காமல் மலையில் வாங்குங்கள் என்பேன். ஆண்டுக்கு ஒரு வாரம், ஊரும் மாறிக்கொண்டிருக்கும் என்றால் அப்படிச் சொல்லமாட்டேன்.

லண்டன் கடையின் குறை, அங்கே பனி இல்லை என்பது. அறைச் சூட்டில் கம்பளத்தின் மேல் நிற்கும்போது பிளாஸ்டிக் இளகியிருக்கும். குளிரில் அது விறைக்கும், காலும் வேறு விதமாக நடந்துகொள்ளும். இந்தக் குறையைப் பாதிக்குப் பாதி ஈடுகட்ட வழி இருக்கிறது. ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டிலும் மில்டன் கீன்ஸிலும் உள்ள உள்ளரங்கப் பனிச்சரிவுகள் நீளத்தில் 200 மீட்டரைக்கூட எட்டாதவை, சறுக்கலாக அவற்றில் பெரிய இன்பமும் இல்லை. ஆனால் உறைகுளிரில் உண்மையான பனியின் மேல் இரண்டு மணி நேரம் பூட்ஸோடு இருக்க அவை போதும். நவம்பரில் வாங்கி, டிசம்பருக்குள் அங்கே இரண்டு முறை போய்வந்து, கடைக்குத் திரும்பி இரண்டாம் கட்ட வேலையைச் செய்துகொண்டால், பிப்ரவரியில் மலையில் இறங்கும்போது பெரும்பகுதி முடிந்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் புதுச் சரக்கு வந்து இறங்குவதால் அளவுகளும் நிறைந்திருக்கும். உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

இணைய வழியை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். ஏற்கெனவே பொருந்திய அதே மாடலை, அதே அளவில், தேய்ந்துபோன பழையதற்கு மாற்றாக வாங்குவதற்கு மட்டும் அது சரி; அப்போதுகூட நிறுவனம் இடையில் அச்சை மாற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும். முதல் பூட்ஸை அப்படி வாங்கிக்கொண்டு வருபவரிடம் நான் செய்ய முடிந்ததெல்லாம், தவறான ஓட்டைக் குறைவாக வலிக்கும் தவறான ஓடாக மாற்றியதுதான். மணிக்கணக்கில் கூலி கொடுத்தபின் மிச்சப்பட்ட தள்ளுபடியும் கையில் நிற்காது.

உறுதியில்லாதவற்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். விறைப்பைக் குறிக்கும் ஃப்ளெக்ஸ் எண், 80, 100, 130 என்று எழுதியிருப்பது, நிறுவனங்களுக்கிடையே பொதுவான தரம் எதுவும் இல்லாத ஒன்று; ஒருவரின் 100 இன்னொருவரின் 90 ஆக இருக்கலாம். அதை ஒரே நிறுவனத்தின் மாடல்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். காலுக்கென்றே வார்க்கும் இன்சோல் குறித்து என் அனுபவம் நல்லதே, குறிப்பாகப் பாத வளைவு இறங்குபவர்களுக்கு. ஆயினும் எல்லோருக்கும் அது தேவை என்று நான் சொல்லமாட்டேன், கடைக்கு அதில் நல்ல லாபம் இருக்கிறது என்பதையும் மறைக்கமாட்டேன். பல கடைகளில் பொருத்த உத்தரவாதமே அந்த இன்சோலையும் சேர்த்து வாங்கினால்தான் கிடைக்கும் என்பதால், அதன் விலையை உத்தரவாதத்தின் விலையாகவும் எண்ணிக்கொள்ளலாம். முன்பாதத்தைக் கம்பியால் சுற்றி இறுக்கும் போவா என்னும் திருகு அமைப்பு 2023இலிருந்து மலைச்சறுக்கு பூட்ஸில் பரவலாக வந்திருக்கிறது. மேல்மேடு உயர்ந்த பாதங்களுக்கு அழுத்தம் சீராகப் பரவுவதாகத் தெரிகிறது, ஆனால் ஓட்டின் வடிவம் ஒத்துவராத காலுக்கு அதுவும் உதவாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் பாதநலம் படித்தவன் என்ற முறையில் சேர்க்கிறேன். தெற்காசியர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு அதிகம். பொருத்துதல் முழுவதும் "இங்கே வலிக்கிறது" என்று நீங்கள் சொல்வதை நம்பியே நடக்கிறது. நீரிழிவால் பாத உணர்வு மங்கியவருக்கு அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை, இறுகிய பிளாஸ்டிக் ஏற்படுத்தும் புண்ணை அவர் இரவில் சாக்ஸைக் கழற்றும்போதுதான் காண்பார். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் முதலில் ஒரு பாதநலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், பொருத்துநரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடையைத் தொலைபேசியில் அழைக்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். பொருத்துவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். ஓட்டைத் தள்ளும் கருவி கடையிலேயே இருக்கிறதா, வெளியே அனுப்புகிறார்களா. முதல் அமர்வில் பார்த்த அதே ஆள் இரண்டாம் முறையும் இருப்பாரா. உத்தரவாதம் என்றால் இலவசமாகச் சரிசெய்வதா, சறுக்கிய பிறகும் வேறு ஓடு மாற்றித் தருவதா, அது எத்தனை மாதத்துக்கு. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டாலே அந்தக் கடை தன் வேலையை எவ்வளவு நம்புகிறது என்பது புரிந்துவிடும்.

போகும் நாள் வாரநாளாக, நேரம் பிற்பகலாக இருக்கட்டும். கால் சற்று வீங்கியிருக்கும், கடையில் கூட்டமும் இராது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, மெல்லிய ஸ்கீ சாக்ஸ் ஒரே ஒரு சோடி போட்டுக்கொள்ளுங்கள். குளிருக்கு இரண்டு சோடி என்பது தவறான பழக்கம். வாங்கிய பின் வீட்டில் தினமும் மாலை அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி பாருங்கள், குடும்பத்தார் சிரித்தால் சிரிக்கட்டும். பலகையை அங்கே வாடகைக்கு எடுப்பவர் என்றால், ஓட்டின் குதிகாலருகே மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும் அடிநீளத்தைக் கடையில் காட்டி, அடிப்பகுதி எந்த வகை என்பதையும் சொல்லி, பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைச் சரிசெய்யச் சொல்லுங்கள். விமானத்தில் பூட்ஸைக் கைப்பையாகவே எடுத்துச் செல்லுங்கள். பெட்டி தொலைந்தால் மற்ற எல்லாவற்றையும் அங்கே வாடகைக்கு வாங்கிவிடலாம். கூடவே, எந்த இடத்தில் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது, எங்கே சுரண்டியிருக்கிறது என்று லண்டன் பொருத்துநர் எழுதிக் கொடுத்த சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் ஏதேனும் கடித்தால், மலைக்கடைக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.